வீட்டை விட்டு வந்த பிறகு முகவரியைக் காப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெண்களுக்கு

அடி, உதை, மிரட்டல் தாங்காமல் வீட்டை விட்டு வெளியே வருவது பாதி வேலைதான். எங்கே இருக்கிறோம் என்பது அந்த ஆளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. சில நாடுகளில் இதற்கென்றே அரசுத் திட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு மாற்று முகவரி கொடுத்து, தபாலை அங்கே வாங்கி இவருக்கு அனுப்பிவிடுவார்கள். நம்மிடம் அப்படி ஒரே இடத்தில் முடிகிற ஏற்பாடு கிடையாது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரு விதி, கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு, ஆதார் மையத்தில் ஒரு வேலை என்று நாமேதான் ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டும். நான் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்தவள். இப்போது எந்த ஊர் என்று எழுத மாட்டேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

யாரும் துப்பறிந்து நம்மைக் கண்டுபிடிப்பதில்லை. நாம் எழுதிக் கொடுத்த மனுவின் நகலிலோ, பழைய எண்ணுக்குப் போகிற ஒரு குறுஞ்செய்தியிலோதான் முகவரி வெளியே போகிறது. அதனால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதைக் கவனித்துப் படியுங்கள். இந்த நிமிடமே ஆபத்து என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 112-க்குக் கூப்பிடுங்கள்.

1. கைப்பேசியை முதலில் சரிசெய்யுங்கள்

சிம் யார் பெயரில் இருக்கிறது? கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது என்றால் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். அந்த எண்ணை நம்பி எதுவும் செய்யாதீர்கள். அவர் நினைத்தால் அதை முடக்கலாம், டூப்ளிகேட் சிம்மும் வாங்கலாம். உங்கள் ஆதாரில் உங்கள் பெயருக்கே புது சிம் வாங்குங்கள்.

அதைப் பழைய செட்டில் அப்படியே போட்டுவிடாதீர்கள். கூகுள் கணக்கு அவர் திறந்து கொடுத்ததாக இருந்தால் அந்தப் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், செட் எங்கே இருக்கிறது என்று தன் கைப்பேசியிலேயே பார்த்துவிடுவார். முடிந்தால் செட்டை ரீசெட் செய்து, புதுக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். ரீசெட் செய்யும் முன் அடிபட்ட போட்டோ, மிரட்டல் ஆடியோ, வாட்ஸ்அப் செய்திகளை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய், தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் டேப், அவர்கள் கேம் விளையாடும் கணக்கு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்திய ஆன்லைன் ஷாப்பிங் கணக்கு, இவையும் கணக்கில் உண்டு. பழைய ஷாப்பிங் கணக்கில் ஒரு குக்கர் ஆர்டர் போட்டால் போதும், டெலிவரி முகவரி அவர் கைப்பேசியில் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் இன்னும் அந்த வீட்டில் இருக்கும்போதே செய்தால் சந்தேகம் வரும். சிம் மட்டும் முன்கூட்டியே வாங்கி ஒளித்து வையுங்கள், மற்றது வெளியே வந்த அன்று.

2. கையில் எடுக்க வேண்டியவை

உங்கள் ஆதார், பிள்ளைகளின் ஆதாரும் பிறப்புச் சான்றும், வங்கிப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, பள்ளி மதிப்பெண் சான்றுகள், சாதிச் சான்று, திருமணப் பதிவுச் சான்று. பதிவு செய்யவில்லை என்றால் பத்திரிகையும் இரண்டு கல்யாணப் போட்டோவும். நகை ரசீது இருந்தால் அதுவும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையும்.

எடுக்க முடியவில்லையா, விட்டுவிடுங்கள். சீதனப் பொருட்களையும் நகைகளையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-வது பிரிவில் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அதிகாரம் இருக்கிறது. பீரோச் சாவிக்காக இன்னொரு ராத்திரி அங்கே இருக்க வேண்டாம்.

3. முதல் இரவு: 181-உம் சகி மையமும்

181 மகளிர் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். அவர்கள் உங்களை மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். எல்லோரும் சகி மையம் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மாவட்டத்துக்கும் உண்டு. மருத்துவ உதவி, கவுன்சலிங், வக்கீல், போலீஸ் தொடர்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும். கட்டணம் கிடையாது.

முன்பே தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். அங்கே தங்குவது 5 நாள் வரைதான், அதன் பிறகு நீண்ட நாள் இல்லத்துக்கு அனுப்புவார்கள். இரண்டாவது, பெண் குழந்தை எந்த வயதானாலும் கூட இருக்கலாம், ஆண் பிள்ளை 12 வயது வரைதான். பெரிய பையன் இருந்தால் அவனுக்கு வேறு இடம் முன்கூட்டியே பாருங்கள்.

உடம்பில் காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார் அடித்தது என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து நகல் கேளுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் புரியும். போலீஸ் புகார் கொடுத்தால்தான் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

4. 'காணவில்லை' புகாரை முந்திக்கொள்ளுங்கள்

யாரும் நமக்குச் சொல்லித் தராதது இதுதான். நீங்கள் கிளம்பிய மறுநாளே அவர் உள்ளூர் நிலையத்துக்குப் போய், "என் பொண்டாட்டிய காணோம், பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா" என்று புகார் கொடுப்பார். கூடவே வேறு யாரோடோ சேர்த்து ஒரு கதையும் வரும். புகார் பதிவானால் போலீஸ் உங்கள் எண் எந்த டவரில் இருக்கிறது என்று பார்க்கும். அவர் தேட வேண்டியதே இல்லை, போலீஸே தேடிக் கொடுத்துவிடும்.

ஆகவே நீங்கள் முதலில் எழுதிவிடுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு மனு போதும்: பெயர், வயது, கணவர் பெயர், பழைய வீட்டு முகவரி, இந்தத் தேதியில் என் சொந்த விருப்பத்தில் பிள்ளைகளோடு வெளியேறினேன், யாரும் கடத்தவில்லை, காரணம் இது, காணவில்லை என்று புகார் வந்தால் இந்த மனுவையும் சேர்த்துக்கொள்ளவும், நான் இருக்கும் இடத்தையும் கைப்பேசி எண்ணையும் கணவருக்கோ அவர் உறவினருக்கோ தெரிவிக்கக் கூடாது, வாக்குமூலம் கொடுக்கத் தயார். ஒன்று பழைய வீட்டுப் பகுதியின் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு, ஒன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு. நேரில் கொடுத்தால் மனு வந்ததற்கு நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ஆனால் தங்கியிருக்கும் ஊர் தபால் நிலையத்தில் வேண்டாம். எங்கே பதிவானது என்பது உறையில் ஒட்டும் சீட்டிலேயே இருக்கும், எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தாலும் தெரியும். வேறு ஊருக்கு ஒரு பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.

அதையும் மீறிப் போலீஸ் உங்களைக் கண்டுபிடித்தால் பயப்பட வேண்டாம். 18 வயது முடிந்த பெண், சொந்த விருப்பத்தில்தான் வந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தால், காணவில்லை என்ற வழக்கு அதோடு முடிய வேண்டியதுதான். கணவரோடு அனுப்பி வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சாட்சியாக விசாரிக்கப் பெண்ணை நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது, இருப்பிடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் புது ஊரில் வாடகை வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் தெருவே கூடிவிடும். சகி மையத்தில் வைத்து வாக்குமூலம் தருகிறேன் என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொரு கண்ணி. ஒரு காவல் நிலையத்தில் என்னையும் அவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னார்கள். "பேசித் தீர்த்துக்கோம்மா, குழந்தைங்க முகத்தப் பாரு" என்று ஒரு தாளை நீட்டினார்கள். சேர்ந்து வாழச் சம்மதம் என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனித்தனி நேரம் கேளுங்கள். கட்டாயமாக ஒரே நேரம்தான் என்றால் பாதுகாப்பு அலுவலரை (யார் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்) கூட வரச்சொல்லுங்கள். முடிந்து வெளியே வரும்போது கணவர் முதலில் போகட்டும், அரை மணி கழித்து நீங்கள் கிளம்புங்கள்.

5. பாதுகாப்பு அலுவலரும் 'தற்போதைய முகவரி' கட்டமும்

குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று குறைதீர்க்கும் நாள். உங்கள் ஊரிலிருந்து பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் மனுவோடு ஒரு வேன் ஆள் வந்திருக்கும், அதிகாரிகளும் கூட்டத்தில் இருப்பார்கள்.

பாதுகாப்பு அலுவலர் நீங்கள் சொல்வதைக் கேட்டு டி.ஐ.ஆர். என்ற குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையைப் படிவம் 1-இல் நிரப்புவார். அதில் நீங்கள் கணவரோடு வாழ்ந்த வீட்டு முகவரிக்கு ஒரு இடம், தற்போதைய முகவரிக்கு ஒரு இடம், கைப்பேசி எண்ணுக்கு ஒரு இடம் இருக்கும். வழக்கு போட்டால் இந்த அறிக்கை எதிர்த்தரப்பு கைக்கும் போகும். நான் அந்த இடத்தைக் காட்டிக் கேட்டபோது, 'பாதுகாப்பு அலுவலர் வழியாக' என்று எழுதினார்கள். உண்மையான முகவரியைத் தனித் தாளில் எழுதி அந்த அலுவலரிடம் மட்டும் கொடுத்தேன். கேட்டால் செய்கிறார்கள். கேட்காவிட்டால் வீட்டு எண், தெரு, பின்கோடு எல்லாம் அதில் ஏறிவிடும். பொய் முகவரி மட்டும் கொடுக்காதீர்கள், பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

காப்பகத்தில் தங்கினால் உங்களுக்கு நேரடியான பாதுகாப்பு உண்டு. 2006-ஆம் வருட விதிகளில் 16-வது விதி: நீங்கள் விரும்பினால் காப்பகம் உங்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது, யார்மேல் புகாரோ அவருக்கும் தெரிவிக்கக் கூடாது. 'விரும்பினால்' என்று இருப்பதால் சேரும் அன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். டி.ஐ.ஆர். இல்லை என்பதற்காகக் காப்பகம் இடம் மறுக்க முடியாது என்பதும் அதே விதிதான்.

படிவம் 5 என்று பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. உங்களோடு கலந்து பேசி அதைத் தயாரிப்பது அலுவலரின் கடமை. நிறையப் பேர் கேட்பதில்லை. கேளுங்கள்.

6. வக்கீலும் நீதிமன்றமும்

காசு கொடுத்து வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று வாங்கி வாருங்கள் என்று யாராவது வாசலில் சொன்னால் அவர் புரோக்கராகத்தான் இருப்பார். ஆணைக்குழு கொடுத்த வக்கீல் 'ஃபைல் செலவு' கேட்டால் கொடுக்காமல், செயலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

எந்த ஊரில் வழக்குப் போடுவது என்பதை யோசித்துச் செய்யுங்கள். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரில் போடலாம், வேலை பார்க்கும் ஊரில் போடலாம், அவர் இருக்கும் ஊரிலும் போடலாம், வன்முறை நடந்த ஊரிலும் போடலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-வது பிரிவு எல்லாவற்றுக்கும் வழிவிடுகிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று ஓசூரில் போட்டால், நோட்டீஸ் வாங்கும்போதே ஓசூர் பக்கம்தான் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அலைச்சல் பரவாயில்லை என்றால் பழைய ஊர் நடுவர் நீதிமன்றத்திலேயே போடுவது நல்லது என்பது என் கருத்து.

மனுவில் முகவரி என்ற இடத்தில் வக்கீல் அலுவலக முகவரியைப் போடலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். உண்மை முகவரியை மூடிய உறையில் நீதிமன்றத்திடம் தர அனுமதி கேட்டு ஒரு சிறு மனுவும் கூடவே போடச் சொல்லுங்கள். மூடிய அறையில் விசாரணை கேட்க 16-வது பிரிவு இருக்கிறது. காணொலி மூலம் ஆஜராகவும் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். 18-வது பிரிவில் பாதுகாப்பு ஆணை கேட்கும்போது போன், மெசேஜ், வேலையிடத்துக்கு வருவது, உறவினரை மிரட்டுவது எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பிள்ளைகள் உங்களோடு இருந்தால் 21-வது பிரிவில் தற்காலிகப் பொறுப்பையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளையைக் கடத்தி மறைத்தாள் என்று கதை திரும்பும். அவசரம் என்றால் படிவம் 3-இல் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால், எதிர்த்தரப்பு வரும் முன்பே இடைக்கால ஆணை போட 23-வது பிரிவு உண்டு.

வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்று நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது ஒளிவுமறைவு இல்லாத விஷயம். ஆகவே போகும்போது கவலை இல்லை, திரும்பும்போதுதான். நேராக உங்கள் ஊர் பஸ் ஏறாதீர்கள். எதிர்த்திசை டவுன் பஸ்ஸில் நான்கு ஸ்டாப் போய் இறங்கி மாறுங்கள். நமக்குத்தான் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசமாயிற்றே.

7. ஆதார், வங்கி, ரேஷன்: வரிசை முக்கியம்

ஆதாரில் முதலில் கைப்பேசி எண்ணை மாற்றுங்கள், முகவரியை அல்ல. பழைய எண் அவரிடம் இருந்தால், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். ஓ.டி.பி. இருந்தால் உங்கள் இ-ஆதாரை அவர் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், நீங்கள் முகவரியை மாற்றியிருந்தால் புது முகவரியோடு. எண் மாற்றத்துக்கு ஆதார் மையத்துக்கு நேரில் போங்கள், கைரேகை போதும், ஆவணம் வேண்டாம். கட்டணம் 75 ரூபாய். முகவரி மாற்றத்துக்கு இன்னொரு நாள் இன்னொரு 75 ஆகும், ஆகட்டும். பெரியவர்களுக்கு ஆதாரில் கணவர் பெயர் கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து வங்கி. கிளைக்குப் போய்க் கைப்பேசி எண்ணை மாற்றி, பழைய ஏடிஎம் கார்டை முடக்கிப் புதியது வாங்குங்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் உங்கள் பெயர்க் கணக்கில்தான் விழுகிறது, ஆனால் கார்டு அவர் பாக்கெட்டில் இருந்தால் என்ன பயன்? ஜாயிண்ட் அக்கவுண்டைத் தொடவே வேண்டாம். எந்த ஊர் ஏடிஎம்மில் எடுத்தீர்கள் என்பது பாஸ்புக்கில் அச்சாகிவிடும்.

ரேஷன் அட்டையைக் கடைசியில் தொடுங்கள். பழைய அட்டையை வைத்துப் புது ஊரில் அரிசி வாங்கினால், குறுஞ்செய்தி குடும்பத் தலைவர் எண்ணுக்குப் போகும். பெயர் நீக்க மனு கொடுத்தாலும் அப்படித்தான். பாதுகாப்பு ஆணை கைக்கு வந்த பிறகு, வட்ட வழங்கல் அலுவலரிடம் ஆணை நகலோடு போய்ப் பேசுங்கள்.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றும் படிவம் 8-க்கும் அவசரப்படாதீர்கள். அது பொதுப் பட்டியல். உங்கள் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், வீட்டு எண் எல்லாம் அதில் அச்சாகும், எந்தக் கட்சி பூத் ஏஜெண்டிடமும் ஒரு பிரதி இருக்கும்.

8. பிள்ளைகளின் பள்ளி

டி.சி. வாங்கப் பழைய பள்ளிக்குப் போனால் அன்று மாலையே அவருக்குத் தெரிந்துவிடும். போக வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-வது பிரிவில், டி.சி. தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று இருக்கிறது. 8-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் இதைச் சொல்லியே சேர்க்கலாம்.

ஆனால் எமிஸ் என்ற அரசு மாணவர் பதிவுத் தளத்தில் பிள்ளையின் எண்ணைப் பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளி ஏற்ற முடியும். அந்த இடத்தில்தான் கசியும். புதுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, ஆணையோ சி.எஸ்.ஆர். ரசீதோ நகல் கொடுத்து, இதை வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகச் செய்துதரக் கேளுங்கள். எமிஸில் பெற்றோர் கைப்பேசி எண்ணை மாற்ற மறக்காதீர்கள். யார் வந்து கூப்பிட்டாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அப்பா வந்தால் வாட்ச்மேன் அனுப்பிவிடுவார், அவர் மேலும் தப்பில்லை.

9. தங்கும் ஊர்

தருமபுரி மாவட்டத்துப் பெண்கள் வேலை என்றதும் ஓசூருக்குத்தான் ஓடுகிறோம். கம்பெனி ஹாஸ்டல் இருக்கிறது, சம்பளம் வருகிறது, உண்மைதான். ஆனால் அதே ஹாஸ்டலில் பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் பிள்ளைகள் நிறைய. பொங்கலுக்கு ஊர் போகும் யாராவது ஒருத்தி, "அந்த அக்காவ அங்க பாத்தேனே" என்று நல்ல மனதோடுதான் சொல்வாள். பெங்களூருவும் அப்படியே. அவருக்கு ஆள் பழக்கம் இல்லாத திசையாகப் பாருங்கள்.

வீட்டு ஓனர் "வூட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். "பிரிஞ்சி இருக்கோம், கேஸ் நடக்குது" என்று சுருக்கமாக உண்மையைச் சொல்வது நல்லது. வெளிநாட்டில் இருக்கிறார் என்று கதை கட்டினால் தினம் ஒரு கேள்வி வரும். உறவில் முகவரி தெரிந்தவர் ஒருவர் போதும். அம்மாவுக்குக்கூடத் தெருப் பெயர் வேண்டாம் என்பேன். அம்மா சொல்ல மாட்டார், அம்மாவை அழவைத்துக் கேட்பார்கள்.

10. செலவும் காலமும்

பாதுகாப்பு அலுவலர், சகி, சட்டப் பணிகள் ஆணைக்குழு, எஃப்.ஐ.ஆர். நகல், நடுவர் போடும் ஆணையின் நகல் எல்லாம் இலவசம். உண்மையான செலவு பஸ், ஜெராக்ஸ், போட்டோ, நோட்டரி, வீட்டு அட்வான்ஸ். அட்வான்ஸ்தான் பெரிது. கேட்க முடிந்தவரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

மனு கொடுத்தால் முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. நடப்பில் 60 நாள் தாண்டும், அதற்கேற்பக் கைச்செலவைத் திட்டமிடுங்கள். இடைக்கால ஆணையைத்தான் சீக்கிரம் வாங்கப் பார்க்க வேண்டும். இறுதிப் பாதுகாப்பு ஆணை வந்துவிட்டால், அதை ரத்து செய்ய நீங்களே மனுப் போடும்வரை அமலில் இருக்கும், புதுப்பிக்க வேண்டியதில்லை. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். நிலையத்தில் இது தெரியாத ஏட்டு இருப்பார். ஆகவே ஆணை நகலில் 31, 32 பிரிவு எண்களைப் பென்சிலில் மேலே எழுதி, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பள்ளியிலும் வேலை செய்யும் இடத்தில் ஒன்றையும் கொடுத்து வையுங்கள். அந்த நகல்களில் உங்கள் முகவரி இருக்கிறதா என்று ஜெராக்ஸ் எடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.